பஸ்டர் கீட்டனை வீழ்த்தியது பேசும்படமா?

#1 கரிச்சான்

ஊமைப்பட நடிகர்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் கதையை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். "பேசும்படம் வந்தது, ஆள் காணாமல் போனார்." போன வாரம் இன்னொரு குழுவில் நாலு பேர் இதையே எழுத, மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

பேச வராத ஆளா அவர்? 1895ல் கான்சஸ் மாநிலத்தில் பிறந்து, நான்கைந்து வயதிலேயே அப்பா அம்மாவோடு மேடையேறியவர். 'மூன்று கீட்டன்கள்' என்று அந்தக் குடும்ப நிகழ்ச்சிக்குப் பெயர். அப்பா ஜோ கீட்டன் பையனைத் தூக்கி மேடையின் குறுக்கே எறிவார். பையன் போய் விழுவான், எழுந்து வருவான், மறுபடி எறிவார். தூக்கி வீச வசதியாகச் சட்டை முதுகில் பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள். விழுந்தவன் தானும் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டால்தான் கொட்டகை அதிர்கிறது என்பதை அந்த வயதிலேயே கண்டுகொண்டார். 1917 வரை அதுதான் பிழைப்பு. ஆக, ஆயிரம் பேர் முன்னால் வாய் திறந்து பேசிப் பழகியவர். குரலும் நல்ல கரகரப்பான கட்டைக் குரல், அந்த முகத்துக்குப் பொருத்தமான குரல்.

இன்னொன்று. 1930ல் 'ஃப்ரீ அண்ட் ஈஸி' தொடங்கி அவர் எம்ஜிஎம் என்ற பெரிய ஹாலிவுட் பட நிறுவனத்துக்காக நடித்த பேசும்படங்கள் ஓடின. 'சைட்வாக்ஸ் ஆஃப் நியூயார்க்' அவருக்கே பிடிக்காத படம், அதுவும் நல்ல வசூல். டப்பிங் வராத காலம் என்பதால் சில படங்களை ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் என்று தனித்தனியாக மறுபடி எடுத்தார்கள். அந்த வசனங்களையும் ஒலியை மட்டும் மனப்பாடம் செய்து இவரே பேசினார். பேசும்படம் விழுங்கிய ஆள் செய்கிற காரியமா இது?

நான் சொல்ல வருவது இதுதான். அவரிடமிருந்து பறிபோனது தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை. அது போனது 1928ல், எம்ஜிஎம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்று. அவரைப் போலவே ஊமைப்பட நகைச்சுவையில் கொடிகட்டிய சாப்ளினும் ஹரால்ட் லாயிடும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தன் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு அது என்று பிற்பாடு கீட்டனே தன் சுயசரிதையில் எழுதினார்.

அதுவரை அவர் வேலை செய்த விதத்தைக் கேளுங்கள். முழுத் திரைக்கதை கிடையாது. ஆரம்பம் தெரியும், முடிவு தெரியும், நடுவில் உள்ளதைக் கூட்டாளிகளோடு உட்கார்ந்து பேசிப் பேசிப் பிடிப்பார்கள். சிக்கிக்கொண்டால் எல்லாரும் வெளியே போய் பேஸ்பால் ஆடுவார்கள். ஆட்டத்தின் நடுவே யாருக்காவது யோசனை உதித்தால் மட்டையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்து கேமராவை ஓட்டுவார்கள். எம்ஜிஎம்மில் ஒவ்வொரு அசைவும் தாளில் எழுதப்பட்டு மேலிடத்தில் சரிபார்க்கப்பட வேண்டும். அந்த ஆலைக்குள் இப்படிப்பட்ட ஒருவர் எப்படி மூச்சு விடுவார்?

#2 பழைய ரீல்

நண்பரே, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எம்ஜிஎம்முக்கு அவர் ஏன் போனார் என்பதை விட்டுவிட்டீர்களே.

'தி ஜெனரல்' எடுக்க ஆன செலவு சுமார் 7,50,000 டாலர். அமெரிக்காவில் வந்த வசூல் 4,75,000 டாலர் அளவுதான். இன்று உலகின் மிகச் சிறந்த படங்களில் ஒன்று என்று கொண்டாடுகிறோம், சரி. 1927 தொடக்கத்தில் நியூயார்க்கில் வெளியானபோது விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். 1928ல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படமும் கையைக் கடித்தது. பணம் போட்டவர் ஜோசப் ஷெங்க். அவர் எத்தனை நாள் நஷ்டத்தைத் தாங்குவார்? கதவைச் சாத்தினார். கீட்டனுக்கு வேறு கதவு எங்கே இருந்தது?

உரிமை பறிபோனது என்கிறீர்கள். அந்த உரிமைக்கு மாதா மாதம் செலவு செய்தது இன்னொருவர் என்பதையும் எழுத வேண்டும்.

#3 கரிச்சான்

நல்ல அடி. ஏற்றுக்கொள்கிறேன். நஷ்டத்தை நான் மறைக்கக் கூடாதுதான்.

ஆனால் சாப்ளினையும் லாயிடையும் பாருங்கள். இருவரும் தங்கள் படங்களுக்குத் தாங்களே சொந்தக்காரர்கள். கீட்டன் தன் ஸ்டுடியோ என்று சொல்லிக்கொண்டிருந்த இடமும் ஷெங்குடையது, படங்களும் அவருடையவை. ஷெங்க் உறவுக்காரர் வேறு. கீட்டன் 1921ல் மணந்த நட்டாலி டால்மாட்ஜ், ஷெங்கின் மனைவி நார்மா டால்மாட்ஜின் தங்கை. சகலைதானே பார்த்துக்கொள்வார் என்று கணக்குவழக்கில் கண்ணே வைக்கவில்லை. ஷெங்கின் தம்பி நிக்கோலஸ்தான் எம்ஜிஎம்மின் தாய் நிறுவனத்துக்குத் தலைவர். அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்கு மாற்றிவிட்ட கதைதான்.

#4 ஸ்டீம் வண்டி

'தி ஜெனரல்' பேச்சு வந்துவிட்டது, சும்மா இருக்க முடியவில்லை. நான் ரயில்வேயில் 30 வருடம் வேலை பார்த்தவன். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து ரயில் துரத்தல் கதை அது. அந்தப் படத்தை ரயில்வேக்காரன் கண்ணால் பார்த்தால் வயிறு கலங்கும்.

முதலில், சக்கரங்களை இணைத்து ஓட்டுகிற தண்டின் மேல் காதலி கோபித்துக்கொண்ட வருத்தத்தில் உட்காருவார். எஞ்சின் மெதுவாகக் கிளம்பும். தண்டு மேலே தூக்கும், கீழே இறக்கும், மேலே தூக்கும், கீழே இறக்கும். அவர் அதைக் கவனிக்கவே இல்லாமல் அப்படியே கொட்டகைக்குள் போய்விடுவார். பார்க்க ராட்டினம் போல இருக்கும். நீராவி எஞ்சின் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது டிரைவர் ஆவியை ஒரு துளி கூடுதலாகத் திறந்துவிட்டால் போதும், சக்கரம் பிடி கிடைக்காமல் நின்ற இடத்திலேயே சரசரவென்று சுழலும். அப்படிச் சுழன்றிருந்தால் அவர் உயிர் அங்கேயே போயிருக்கும். டூப் கிடையாது, அவரேதான்.

அடுத்தது ஸ்லீப்பர் கட்டை. எதிரிகள் தண்டவாளத்தில் கட்டைகளைப் போட்டுக்கொண்டே போகிறார்கள். இவர் எஞ்சினின் முன்னால் உள்ள சாய்வுக் கம்பி வேலியில் உட்கார்ந்து ஒரு கட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவிட்டார். அதற்குள் இன்னொரு கட்டை முன்னால் கிடக்கிறது. கையிலிருப்பதைக் கீழே வைக்கவும் இடமில்லை. ஒரு கணம் யோசிக்கிறார். கையிலிருக்கும் கட்டையை எறிந்து, கிடக்கும் கட்டையின் நுனியில் அடிக்கிறார். சீசா பலகை மாதிரி அது எகிறி ஓரமாக விழுகிறது, இரண்டும் போயிற்று, வண்டி போகிறது. குறி தப்பினால் எஞ்சின் தடம் புரளும். ஒரே ஷாட்.

அப்புறம் பாலம். ஒரிகன் மாநிலத்தில் காட்டேஜ் குரோவ் என்கிற ஊர்ப்பக்கம், 1926 ஜூலை. எரிகிற மரப்பாலத்தில் நிஜ எஞ்சினை ஓட்டி ஆற்றில் விழவைத்தார்கள். அந்த ஒரு ஷாட்டுக்கே 42,000 டாலர் ஆனது என்று சொல்வார்கள். சினிமாவுக்காக வந்து கிடந்த அந்த எஞ்சின் வருடக்கணக்கில் ஆற்றிலேயே துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் பழைய இரும்புக்காக எடுத்தார்கள். சண்டைக் காட்சியில் வருகிற வீரர்கள் ஒரிகன் மாநிலப் படையினர். ஒரு பக்கம் ஓட நீல உடை, மறுபக்கம் ஓட சாம்பல் உடை, ஆட்கள் அதே ஆட்கள்.

பழைய ரீல் சொல்கிற 7,50,000 டாலர் எங்கே போனது என்று கேட்டால், திரையில் இருக்கிறது. ஒவ்வொரு டாலரையும் கண்ணால் பார்க்கலாம்.

#5 செண்பகா

கீட்டன் கதையை, அந்தக் கால நகைச்சுவை நட்சத்திரம் ரோஸ்கோ ஆர்பக்கிளை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமில்லை. 1917ல் நியூயார்க்கில் ஒரு நாள் கீட்டனைப் படப்பிடிப்புக்கு அழைத்து வந்து முதல் படத்தில் நடிக்க வைத்தவர் அவர்தான். அன்றைக்கே கேமரா எப்படி வேலை செய்கிறது என்று உள்ளே குடைந்து பார்க்க ஆரம்பித்தாராம் கீட்டன். சினிமா கற்றுக்கொடுத்த குரு என்றே சொல்லலாம்.

1921 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஓட்டலில் ஒரு விருந்து. அதில் கலந்துகொண்ட நடிகை வர்ஜீனியா ராப் சில நாளில் இறந்துபோனார். பழி ஆர்பக்கிள் மேல். மூன்று முறை விசாரணை நடந்தது. முதல் இரண்டிலும் ஜூரிகள் ஒருமனதாக முடிவுக்கு வரவில்லை. மூன்றாவதில், 1922 ஏப்ரலில், ஜூரிகள் சில நிமிடங்களில் விடுதலை என்று சொன்னதோடு, இவருக்குப் பெரிய அநீதி இழைக்கப்பட்டுவிட்டது என்று மன்னிப்புக் கடிதமே எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு ஆறாம் நாள் சினிமாத் தொழிலின் கட்டுப்பாட்டுத் தலைவர் வில் ஹேஸ் அவர் படங்களுக்குத் தடை போட்டார். அந்த வருடக் கடைசியில் தடையை விலக்கியும் பயனில்லை. வேறு பெயரில் படம் இயக்கிக் காலம் தள்ளினார். 1932ல்தான் மறுபடி நடிக்க அழைப்பு வந்தது. ஆறு குறும்படங்கள் முடித்த கையோடு, 1933 ஜூன் 29 அன்று தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 46.

எல்லாரும் ஒதுங்கியபோது ஒதுங்காத சிலரில் கீட்டன் ஒருவர். அவரை எம்ஜிஎம் வெளியே அனுப்பியதும் அதே 1933ல்தான். குருவும் சீடனும் ஒரே வருடத்தில்.

#6 தாமிரபரணிக் கரை

எல்லாம் சரி, குடியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. படப்பிடிப்புக்கு வராமல் இருந்தது, வந்தும் நிற்க முடியாமல் இருந்தது, எல்லாவற்றையும் நிறுவனத்தின் தலையில் கட்டிவிட முடியுமா? எங்கள் வீட்டிலேயே ஒருவரைக் குடிக்குப் பறிகொடுத்திருக்கிறோம். "அவருக்கு ஆயிரம் கவலை" என்று ஊரே பரிந்து பேசியது. அந்தப் பரிவு அவரைக் காப்பாற்றவில்லை.

#7 கரிச்சான்

தாமிரபரணிக் கரை, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். குடித்தது அவர்தான். 'வாட்! நோ பியர்?' என்று 1933ல் ஒரு படம். அதில் அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வீங்கி, கண் எங்கோ போய்... என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

வரிசை என்ன என்பதை மட்டும் எழுதுகிறேன். 1928ல் ஒப்பந்தம். முதல் படம் 'தி கேமராமேன்'. அதில் தன் வழியில் எடுக்க ஓரளவு விட்டார்கள், அதனால்தான் அந்தப் படம் இன்றும் நிற்கிறது. 1929ல் 'ஸ்பைட் மேரேஜ்'. இதைப் பேசும்படமாக எடுக்கலாம் என்று கீட்டன்தான் கேட்டார், நிறுவனம் மறுத்தது. இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். பேசும்படத்தால் அழிந்தார் என்கிறோமே, அந்த மனிதர் பேசும்படம் கேட்டு நின்றிருக்கிறார். பிறகு வந்த படங்களில் எல்மர் என்ற பெயரில் ஒரு அசட்டுப் பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். ஸ்டீம் வண்டி எழுதிய அந்த ஸ்லீப்பர் கட்டை மனிதன் மூளைக்காரன். எந்த இக்கட்டிலும் ஒரு கணம் நின்று கணக்குப் போடுவான். எல்மருக்கு மூளையே கிடையாது, பார்ப்பவர்கள் 'ஐயோ பாவம்' என்று சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு நகைச்சுவை நடிகர் ஜிம்மி டுரான்டியைப் பக்கத்தில் நிறுத்தி மூச்சு விடாமல் பேச வைத்தார்கள்.

1932ல் நட்டாலி விவாகரத்து வாங்கினார். பெவர்லி ஹில்ஸ் மாளிகை போயிற்று, இரண்டு மகன்களும் போனார்கள். பிள்ளைகளின் குடும்பப் பெயர்கூட டால்மாட்ஜ் என்று ஆனது. 1933ல் வேலை போயிற்று. 1935ல் மருத்துவமனையில் கட்டுக்காவலில் இருந்தார். குடி முன்னே வந்ததா மற்றது முன்னே வந்ததா என்று கோடு கிழிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் இதற்குப் பிறகு மீண்டு வந்தாரே, அதை எத்தனை பேர் எழுதுகிறார்கள்?

#8 புதுசு

நான் இவர் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. எதில் ஆரம்பிக்கலாம்? நீளமான படம் என்றால் தூங்கிவிடுவேனோ என்று பயம்.

#9 ஸ்டீம் வண்டி

தம்பி, 'ஒன் வீக்'. 1920. அரை மணி நேரம்கூட இல்லை. புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடிக்குப் பெட்டி பெட்டியாக ஒரு வீடு பரிசாக வருகிறது, எண்ணைப் பார்த்து நாமே கோத்துக்கொள்ள வேண்டும். பெண்ணை விரும்பி ஏமாந்தவன் பெட்டிகளின் எண்ணை மாற்றி எழுதிவிடுகிறான். மீதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு ரயில் வருகிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

#10 நிழல்மரம்

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சின்ன வயதில் டிவியில் படம் போட்டால் நாங்கள் எல்லாம் சிரித்த பிறகு அவன் எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான். நான் சைகையில் விளக்கிச் சொல்வதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும்.

ஒரு நாள் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' போட்டேன். புயல் காட்சி. கீட்டன் தெருவில் ஒன்றும் புரியாமல் நிற்கிறார். பின்னால் ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாகப் பெயர்ந்து அவர் மேல் சாய்கிறது. மாடி ஜன்னல் திறந்திருக்கிறது, அந்த ஓட்டைக்குள் சரியாக அவர் நிற்கிறார். சுவர் விழுந்து புழுதி அடங்கும்போது ஆள் நின்றபடி நிற்கிறார். அது அட்டைச் சுவர் இல்லை, இரண்டு டன் எடை. உடம்புக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே சில அங்குலம்தான் இடைவெளி.

என் தம்பி எனக்கு முன்னால் சிரித்தான். முதல் தடவையாக. பிறகு எழுந்து போய் எங்கள் வீட்டு ஜன்னலின் அகலத்தைக் கையால் அளந்து பார்த்து, தன் தோளின் அகலத்தையும் அளந்தான்.

முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போனபோது கீட்டனுக்கே காது பழுதானது என்று பின்னால் படித்தேன். தம்பியிடம் சொன்னபோது அவன் வெகுநேரம் அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

#11 செண்பகா

நிழல்மரம், இதை எழுதியதற்கு நன்றி. உங்கள் தம்பியிடம் 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தையும் காட்டுங்கள். அதில் தண்ணீர்த் தொட்டிக் குழாயைப் பிடித்துத் தொங்கும்போது வெள்ளம் கொட்டி இவரைத் தண்டவாளத்தில் அடிக்கும். கழுத்தெலும்பில் முறிவு ஏற்பட்டது. தலைவலியோடு வேலையைத் தொடர்ந்தார். முறிந்த விஷயமே பல வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது.

#12 பழைய ரீல்

கரிச்சான், ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. எம்ஜிஎம்மை விட்ட பிறகு எஜுகேஷனல் பிக்சர்ஸ் நிறுவனத்துக்கு 16 குறும்படங்கள், கொலம்பியாவுக்கு 10 குறும்படங்கள் செய்தார். அங்கே மேலிடத்துக் கெடுபிடி குறைவுதானே? அப்படியும் பழைய உயரம் வரவில்லையே. உரிமை ஒன்றே காரணம் என்றால் இதற்கு என்ன பதில்?

#13 கரிச்சான்

நேர்மையான கேள்வி. உரிமை ஒன்றே காரணம் என்று முதல் பதிவில் எழுதியதைத் தளர்த்திக்கொள்கிறேன். நேரமும் வேண்டும். 'தி ஜெனரல்' படத்துக்கு ஒரு கோடைகாலமே கொடுத்தார்கள். அந்தக் குறும்படங்கள் சில நாளில் சுருட்டப்பட்டவை. பேஸ்பால் ஆட எங்கே நேரம்? ஆனாலும் 1936ல் வந்த 'கிராண்ட் ஸ்லாம் ஓபரா' பாருங்கள், கதையில் அவர் கை இருக்கிறது, பழைய ஆள் எட்டிப் பார்க்கிறார்.

பிறகு நடந்தது இன்னும் வருத்தம். எம்ஜிஎம்முக்கே திரும்பிப் போனார், அடுத்தவர்கள் படத்துக்குக் காமெடி யோசனை சொல்கிற ஆளாக. வாரம் 3,000 டாலர் வாங்கிய இடத்தில் வாரம் 100 டாலர். மார்க்ஸ் சகோதரர்கள், ரெட் ஸ்கெல்டன் என்று பலருக்கும் யோசனை கொடுத்தார். 'ஸ்பைட் மேரேஜ்' கதையையே ஸ்கெல்டனை வைத்து மறுபடி எடுத்தார்கள்.

அங்கேதான் எலினார் நோரிஸைச் சந்தித்தார். நடனக்காரி, அவரைவிட 23 வயது இளையவர். 1940ல் கல்யாணம். கடைசிவரை கூட இருந்தவர் அவர்தான். 1949ல் லைஃப் இதழில் விமர்சகர் ஜேம்ஸ் ஏஜி ஊமைப்பட நகைச்சுவை பற்றி எழுதிய பெரிய கட்டுரை வந்தது, ஊர் மறுபடி திரும்பிப் பார்த்தது. டிவி வந்தது, தொடர்ந்து வேலை வந்தது. அந்தப் பழைய மாளிகையை நடிகர் ஜேம்ஸ் மேசன் வாங்கியிருந்தார், அங்கே ஒதுக்கிக் கிடந்த கீட்டனின் படச்சுருள்கள் கிடைத்தன. 1957ல் படமாக வந்த தன் வாழ்க்கைக் கதைக்குக் கிடைத்த 50,000 டாலரில் எலினாரும் அவரும் ஒரு வீடு வாங்கினார்கள், கோழி வளர்த்தார்கள். 1960ல் கௌரவ ஆஸ்கர். 1965ல் வெனிஸ் விழாவில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. 1966 பிப்ரவரி 1 அன்று நுரையீரல் புற்றுநோயில் காலமானார். கடைசிவரை வேலை இருந்தது.

இன்னொன்று சொல்லவில்லை. 'ஸ்பைட் மேரேஜ்' படத்தில் குடித்துத் துவண்டு கிடக்கும் மணப்பெண்ணைப் படுக்கையில் கிடத்தப் பாடுபடும் காட்சி இருக்கிறதே, அதை வெட்டச் சொல்லித் தயாரிப்புத் தரப்பு நின்றது. கீட்டன் சண்டை போட்டுக் காப்பாற்றினார். 1947ல் பாரிஸில் மெட்ரானோ சர்க்கஸ் அவரை அழைத்தபோது, அவர் கொண்டுபோனது அந்தக் காட்சியைத்தான். மணப்பெண்ணாக எலினார்.

#14 புதுசு

'ஒன் வீக்' பார்த்துவிட்டேன். ஸ்டீம் வண்டி ஐயா, முதல் ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போனதும் "அப்பாடா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அடுத்த நொடி... எங்கள் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார். இன்னொரு தடவை போட்டு அவருக்கும் காட்டினேன்.

#15 பழைய ரீல்

நேற்று ராத்திரி அந்த மணப்பெண் காட்சியை மட்டும் மூன்று தடவை பார்த்தேன். அந்த அம்மா எலும்பே இல்லாதவர் மாதிரி வழிகிறார். ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் சரிகிறார். நாற்காலியைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்துப் பார்க்கிறார் கீட்டன். ஒரு வார்த்தை இல்லை. இதையா வெட்டச் சொன்னார்கள்?

கணக்கில் நான் சொன்னது சொன்னதுதான். ஆனால் பாரிஸில் அவருக்குச் சோறு போட்டது அவர் விட்டுக்கொடுக்காத காட்சி. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.